ரொட்டி அடுப்பில் வெந்த துணி

ஆபரேஷன் துணியின் கிருமியைக் கொல்லுகிற ஆஸ்பத்திரி ஆவி டிரம் அடி விட்டுப்போனது ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு. வேறு எந்த நாளில் விட்டிருந்தாலும் பாத்திரக்காரர் வந்து இரண்டு நாளில் ஒட்டுப்போட்டுக் கொடுத்திருப்பார், நானும் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். மாதத்தில் ஒரே ஒரு வியாழக்கிழமைதான் ரயில் டாக்டர் வருவார். காலை ஒன்பது மணி ரயிலில் இறங்குவார், ஆபரேஷன்களை முடிப்பார், சாயங்காலம் ஐந்து மணி ரயிலில் ஏறிவிடுவார். மறுபடி அவர் முகத்தைப் பார்க்க ஒரு மாதம் ஆகும். சனியன் பிடித்த டிரம், அன்றைக்கென்று பார்த்துக் காலை வாரியது.

எங்கள் தெருவுக்கு நேர் எதிரேதான் ஆஸ்பத்திரி. இருபது கட்டில். அரசாங்கம் ஒரு டாக்டரையும் இரண்டு சிஸ்டரையும் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டது. மற்றதெல்லாம் ஊர்தான் பார்த்துக்கொண்டது. வண்டிக்காரர் தெரு தண்ணீர் கொண்டுவந்து ஊற்றும். தச்சர்கள் ஆடுகிற கட்டிலுக்குக் கால் போடுவார்கள். பால்காரி முதல் செம்பை அங்கே ஊற்றிவிட்டுத்தான் அடுத்த வாசலுக்குப் போவாள். எங்கள் தெருவுக்கு இரண்டு வேலை: ரொட்டி, துணி. ரொட்டி ரொட்டிக்காரர் பாடு. துணி எங்கள் பாடு.

ஒவ்வொரு புதன்கிழமையும் மத்தியானம் பன்னிரண்டு பேர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து காயத்துக்கு வைக்கிற துணியை மடிப்போம். நூல் பிரிகிற ஓரம் உள்ளே போகும்படி மடிக்க வேண்டும், ஒரு இழை வெளியே தெரிந்தாலும் பெரிய சிஸ்டர் பிரித்துப் போட்டுவிடுவாள். நான் தையல்காரி என்பதால் எனக்குச் சலுகை உண்டு என்று நினைத்தீர்களானால் தப்பு. என் மடிப்பைத்தான் அதிகம் பிரிப்பாள். அவள் போட்ட இன்னொரு சட்டம், "பேசுங்க, வேணாங்கல. ஆனா துணி மேல பேசாதீங்க. எச்சில் படும்." ஆகையால் நாங்கள் பன்னிரண்டு பேரும் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு பேசுவோம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஏதோ பெரிய சண்டை போட்டுக்கொண்டு ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்காமல் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்.

அந்த மாதம் மடித்த துணியெல்லாம் ரொட்டிக்காரர் பெண்டாட்டியின் பிரசவத்துக்காக என்று எங்களுக்கு நினைப்பு. ஆறு மாதமாக அவளுக்கு வயிறு ஏறிக்கொண்டே வந்தது. மூன்றாவது பிள்ளை என்று நாங்கள்தான் முந்திக்கொண்டு சந்தோஷப்பட்டோம். நான் துணி வெட்டி இரண்டு சட்டைகூடத் தைத்துவிட்டேன், அவசரக்குடுக்கை! கடைசியில் பார்த்தால் அது கட்டி. செவ்வாய்க்கிழமை வலி தாங்காமல் அவள் சுருண்டு விழுந்தபோது குட்டை டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு ரொட்டிக்காரரைத் தனியே கூப்பிட்டார். குட்டை டாக்டர் எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர். நல்ல மனுஷன், ஆனால் வயிற்றைத் திறக்கிற வேலை அவருக்குக் கிடையாது.

"கட்டி ஒரு தடவை முறுக்கித் தானா பிரிஞ்சிருக்கு. அடுத்த தடவை பிரியாது. இந்த வியாழக்கிழமையே எடுத்தாகணும். அடுத்த மாசம்னா என் கையில எதுவும் இல்ல."

தனியே கூப்பிட்டுச் சொன்னார் என்றேனே, அதை நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். தெருவுக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?

வியாழன் காலை டிரம் விட்டுப்போன சேதியோடு பெரிய சிஸ்டர் தெருவைக் கடந்து வந்தபோது ரொட்டிக்காரர் இரண்டாவது ஈடு ரொட்டியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது.

"உங்க அடுப்பு எனக்கு வேணும்" என்றாள்.

"ரொட்டிதான் வருதே சிஸ்டர்."

"ரொட்டி இல்ல. அடுப்பு. கத்தி கத்திரியெல்லாம் பானையில போட்டு வேக வச்சுக்குவேன். துணிய வேக வச்சா ஈரமாயிடும், ஈரத் துணிய உள்ள வைக்க முடியாது. ஆவி டிரம்தான் காஞ்ச துணியாக் குடுக்கும். அது போச்சு. நான் படிச்ச இடத்துல வீட்டுப் பிரசவத்துக்கு ரொட்டி அடுப்புலதான் துணிய வாட்டுவாங்க. ரெண்டு மணி நேரம். கருகக் கூடாது, சூடு குறையவும் கூடாது. முடியுமா?"

ரொட்டிக்காரர் கையிலிருந்த நீளத் துடுப்பைச் சுவரில் சாய்த்தார். "என் வீட்டுக்காரிக்கு வைக்கப்போற துணிய நான் வாட்ட மாட்டேனா?"

அடுத்த கால் மணியில் கடை கடையாகவே இல்லை. ரொட்டி வாங்க வரிசையில் நின்றவர்களை வண்டிக்காரர் ஒரே அதட்டலில் கலைத்தார். "இன்னிக்கு ரொட்டி கிடையாது, போய்க் கஞ்சி குடிங்க!" யாரும் போகவில்லை. ஒருத்தர் விறகு சுமந்தார், ஒருத்தர் தட்டுகளைத் தேய்த்துக் கொதிநீர் ஊற்றினார். மூன்றாவது ஈட்டுக்குப் பிசைந்து வைத்திருந்த மாவைக் கவனிக்க ஆளில்லாமல் அது தொட்டியில் பொங்கி, விளிம்பைத் தாண்டி, பொத்தென்று தரையில் விழுந்தது. அதைப் பார்த்து யாரோ சிரிக்க, எல்லோருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. பயத்தில் வருகிற சிரிப்பு அது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஊரே ஒரு வேலையில் இறங்கும்போது உடம்பில் ஒரு துடிப்பு வருமே, அது.

ஆஸ்பத்திரியில் இருந்த துணி முழுவதையும் மூடி போட்ட பெட்டியில் நானும் பால்காரியும் கொண்டுவந்தோம். "கட்டாப் போட்டா சூடு உள்ள ஏறாது. தட்டுல லேசாப் பரப்புங்க. அவர் ஒருத்தர் கை மட்டும் படட்டும், ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிட்டு" என்று சிஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தாள்.

ரொட்டிக்காரர் முழங்கை வரை கழுவினார். தணலை வாரி வெளியே தள்ளினார். ஈரச் சாக்கால் அடுப்பின் தரையைத் துடைத்தார். ஒரு சிட்டிகை மாவை எடுத்து உள்ளே வீசி, அது சிவக்கிற நேரத்தை உதட்டுக்குள் எண்ணினார். சூடு அதிகம் என்று கொஞ்ச நேரம் கதவைத் திறந்து வைத்தார். அப்புறம் தட்டுகளை வரிசையாக வைத்துத் துணியைப் பரப்ப ஆரம்பித்தார். நான் வாசற்படியில் நின்று பால்காரியிடம் அந்தக் கட்டி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். துணி பக்கத்தில் இருந்ததால் சட்டப்படி முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு பேசினேன். அதுதான் நான் செய்த தப்பு.

ஒன்பது மணி ரயிலில் டாக்டர் வந்து இறங்கினார். ஒல்லியான மனுஷன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவார். டிரம் போன கதையைக் கேட்டதும் முகம் சுருங்கியது. ரொட்டி அடுப்பு என்றதும் புருவம் ஏறியது. "பரவாயில்லையே" என்றார். எங்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும், தலைகால் புரியவில்லை.

ஒன்பதரைக்குத் தட்டுகள் வெளியே வந்தன. நடுவில் சிஸ்டர் வைக்கச் சொன்ன வெள்ளைப் பஞ்சு பிஸ்கட் நிறத்துக்கு வந்திருந்தது. அப்படியானால் சூடு சரியாக ஏறிவிட்டது என்று அர்த்தமாம். தெரு கைதட்டியது. பெட்டியில் வைத்து மூடி ஓட்டமாகக் கொண்டுபோனோம். ஆபரேஷன் அறைக் கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி உண்டு. நானும் வண்டிக்காரரும் ரொட்டிக்காரரும் அதில் முகத்தை வைத்து அப்பிக்கொண்டோம்.

டாக்டர் பெட்டியைத் திறந்தார். மூக்கை உறிஞ்சினார். "யார் இங்க ரொட்டி சுடறது?" என்றார். அப்புறம் ஒரு துணியை இடுக்கியால் தூக்கி உதறினார்.

பழுப்பாக ஒரு பொடி உதிர்ந்தது. இன்னொன்றைத் தூக்கினார். அதிலும் உதிர்ந்தது. பச்சை மேஜைவிரிப்பில் அந்தப் பொடி தெளிவாகத் தெரிந்தது.

ரொட்டிக்காரர் என் பக்கத்தில் மூச்சை நிறுத்தினார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாவு" என்றார். "தட்டுல மாவு தூவிட்டேன்."

இருபது வருஷமாகத் தட்டை எடுத்தால் இடது கை மாவுத் தட்டுக்குப் போகும், தூவும், அப்புறம்தான் மற்றது. ஒட்டாமல் இருக்க. மூச்சு விடுகிற மாதிரி அது. கழுவி வைத்த கை, கழுவி வைத்த தட்டு, ஆஸ்பத்திரித் துணி, தன் பெண்டாட்டி உயிர், எதையும் அந்தக் கை கேட்கவில்லை. தன்பாட்டுக்குப் போய்த் தூவிவிட்டது. பத்தடி தூரத்தில் நின்ற நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாயடித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் வெளியே வந்தார். திட்டுவார் என்று நினைத்தோம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னார்.

"கிருமி செத்திருக்கும். ஆனா இந்தப் பொடி வயித்துக்குள்ள போனா குடலோட குடல் ஒட்டிக்கும். உபயோகப்படாது. வேற துணி இருக்கா?"

"மொத்தத்தையும் வச்சாச்சு" என்றாள் சிஸ்டர். "துவைச்சுக் காய வச்சு மறுபடி வாட்டினா சாயங்காலம் ஆயிடும்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணிக்குத் துணி கையில இருந்தா இன்னிக்கு ஆபரேஷனுக்கு இருக்கிற மூணு பேருக்கும் பண்ணிடலாம். ஒண்ணரைன்னா ரெண்டு பேர்தான். அந்தக் காலு அழுகிற ஆளையும் குடல் இறங்கின ஆளையும் தள்ளிப்போட முடியாது." மூன்றாவது ஆள் யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ரொட்டிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

நான் தெருவுக்கு ஓடினேன். எனக்கு ஓடுகிற உடம்பு கிடையாது, ஆனாலும் ஓடினேன். நடுத்தெருவில் நின்று கத்தினேன். "வெள்ளைத் துணி! வீட்ல இருக்கிற வெள்ளைத் துணி அத்தனையும் கொண்டாங்க! ரொட்டிக்காரர் வீட்டுக்கு! உசிருக்கு!"

அஞ்சு நிமிஷத்தில் கொண்டுவந்து குவித்தார்கள். அதில் ஒரு கூத்து. மரக்கடை அம்மா பெட்டியின் அடியிலிருந்து இன்னும் பிரிக்காத படுக்கை விரிப்பு இரண்டு எடுத்துவந்தாள். தானாக ஒரு குண்டூசி கொடுக்காத அம்மா! சிஸ்டர் தொட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளினாள்.

"இது வேணாம். புதுத் துணில கஞ்சி இருக்கும். பழசு வேணும். நல்லாத் துவைச்சு நைஞ்சுபோனது. காடாத் துணி, வாயில் புடவை, வேட்டி, எதானாலும் சரி. ஒட்டுப் போட்டதா இருந்தா இன்னும் நல்லது."

கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. எல்லோர் கையிலும் வீட்டில் இருப்பதிலேயே நல்லது. கிழிசலை எப்படி ஊர் நடுவே கொண்டுவருவது? ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தாள். கடைசியில் மரக்கடை அம்மாவே விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் ஏழு ஒட்டுப் போட்ட ஒரு விரிப்பு. "இதுலதான் தினம் படுக்கறேன். சிரிக்கிறவ சிரிச்சுக்கோ" என்று சிஸ்டர் கையில் கொடுத்தாள். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் பாருங்கள், ஊரில் உள்ள அத்தனை கிழிசலும் வெளியே வந்தது! யார் வீட்டில் எத்தனை ஒட்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதில் பாதி ஒட்டு நான் போட்டதுதான், இருந்தாலும்.

பன்னிரண்டு பேரும் உட்கார்ந்தோம். வெட்டினோம், ஓரம் உள்ளே போக மடித்தோம். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமை வரலாற்றிலேயே அப்படி ஒரு அமைதி கிடையாது. சிஸ்டர் ஒரு மடிப்பைக்கூடப் பிரிக்கவில்லை.

துணி தயார். அடுப்பில் மறுபடி விறகு எரித்துத் தணலையும் வாரித் தள்ளியாயிற்று. ஆள் இல்லை.

ரொட்டிக்காரர் கடைப் படியில் இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் தொட மாட்டேன்" என்றார்.

"நீங்க தொடலேன்னா வேற யாருக்கு இந்த அடுப்பு தெரியும்?" என்றார் வண்டிக்காரர்.

"யாரோ பண்ணுங்க. என் கைய நம்ப முடியாது. நான் நினைச்சுக்கூடப் பாக்கலய்யா. அது தானாப் போயிருக்கு. மறுபடி போகாதுன்னு என்ன நிச்சயம்?"

"அட, கண்ணத் திறந்து வச்சுக்கிட்டுப் பண்ணுங்க."

"முன்ன மட்டும் மூடிக்கிட்டா பண்ணேன்?"

மணி பத்தரை ஆகிவிட்டது.

அப்போதுதான் ஆஸ்பத்திரி வாசலில் சத்தம். சின்ன சிஸ்டர், "வராதீங்க, படுங்க" என்று கத்திக்கொண்டு பின்னால் வர, ஆஸ்பத்திரி அங்கியோடு, வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, ரொட்டிக்காரர் பெண்டாட்டி தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. வாய் மட்டும் வழக்கம்போல்.

"என்ன எல்லாரும் இடிச்ச புளி மாதிரி உக்காந்திருக்கீங்க? எனக்கு நேரமாகுது!"

பெரிய சிஸ்டர் பாய்ந்தாள். "உன்னை யார் எழுந்திருக்கச் சொன்னது?"

"படுத்துக்கிட்டே செத்துப்போறதுக்கு நடந்து வந்து பொழச்சுக்கறேன் சிஸ்டர். ஒரு நாற்காலி போடுங்க. அஞ்சு நிமிஷம்." நாற்காலி வந்தது. உட்கார்ந்தாள். மூச்சு வாங்கிவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். "ஏங்க."

அவர் தலையைத் தூக்கவில்லை.

"ஏங்க, உங்களத்தான். மாவு தூவிட்டீங்களாமே?"

"ஆமா."

"நானா இருந்தாலும் தூவியிருப்பேன். எந்திரிங்க." சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். "இந்த வீட்டுல வெள்ளையா இருக்கிற தூள் எதுவும் இருக்கக் கூடாது. மூட்டை, டப்பா, சலிக்கிற சல்லடை, எல்லாத்தையும் தெருக்கோடிக்குக் கொண்டுபோங்க. சுவரைத் துடைங்க. அக்கா!"

அக்கா நான்தான்.

"உன்கிட்ட கெட்டித் துணி இருக்கா? கூடாரத் துணி மாதிரி?"

"இருக்கு."

"இவர் கைக்கு ரெண்டு பை தைச்சுக் கொண்டா. விரல் தனித்தனியா இருக்கக் கூடாது. கட்டை விரல்கூட. துடுப்பப் பிடிக்க முடியணும், ஒரு சிட்டிகை எடுக்க முடியக் கூடாது. புரியுதா?"

எனக்குப் புரிந்த வேகம் இருக்கிறதே! என் வீட்டுக்கு ஓடி, வண்டிக்குப் படுதா தைக்க வைத்திருந்த துணியை மடித்துப் போட்டு, மிஷினை மிதித்தேன். ஊசி ஒன்று உடைந்தது, மாற்றினேன். எட்டு நிமிஷம். அதைவிட வேகமாக நான் எதையும் தைத்ததில்லை, அதைவிட அசிங்கமாகவும் தைத்ததில்லை. கொதிநீரில் முக்கி எடுத்து, பிழிந்து, அடுப்பு வாயில் காட்டிக் காயவைத்து, அவர் கையில் மாட்டி மணிக்கட்டில் கட்டிவிட்டேன். கரடிக்குச் செருப்புப் போட்ட மாதிரி இருந்தது. அந்த நேரத்திலும் அவள் சிரித்தாள், சிரித்ததில் வலித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

தட்டுகளை மறுபடி தேய்த்துக் கொதிநீர் ஊற்றிவிட்டுத் துணியை நாங்கள் பரப்பினோம். மூன்று பேர், முழங்கை வரை கழுவி, வாய்க்குத் துணி கட்டி. மாவு இல்லாமல் அடுப்பின் சூட்டைப் பார்ப்பது எப்படி என்று ரொட்டிக்காரர் திகைத்தபோது அவள் நாற்காலியை அடுப்பு வாய்க்குப் பக்கத்தில் இழுக்கச் சொன்னாள். அங்கியின் கையை மேலே சுருட்டி வெறும் கையை உள்ளே நீட்டினாள்.

"ரொட்டிக்கு எட்டு எண்ணறதுக்குள்ள கையை எடுத்துடணும்னு தோணும். துணிக்கு இருபது வரணும். ஒண்ணு... ரெண்டு..."

மூன்றிலிருந்து தெருவே சேர்ந்துகொண்டது. நாலு, அஞ்சு, ஆறு. வாசலில், ஜன்னலில், வண்டி மேல், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், எல்லோரும் எண்ணினார்கள். பன்னிரண்டில் அவள் கையை உதறி எடுத்தாள். "இன்னும் சூடு. கதவத் திறந்து வைங்க." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. இந்தத் தடவை பதினாறு. மூன்றாவது தடவை பத்தொன்பது என்று ஊர் கத்தியபோது அவள் உதட்டைக் கடித்தாள், இருபது என்றபோது கையை எடுத்தாள். முழங்கை வரை சிவந்திருந்தது.

"இப்ப. தள்ளுங்க உள்ள!"

அவர் தள்ளினார். துடுப்பு அந்தப் பைகளுக்குள் வழுக்கியது, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துத் தள்ளினார். ஒவ்வொரு தட்டுக்கும் இடது கை ஒரு தடவை பக்கவாட்டில் போனதை நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன். நாலு தட்டு, நாலு தடவையும் அந்தக் கை வெறும் காற்றைத் தடவிவிட்டுத் திரும்பி வந்தது. நாலாவது தடவை அவரே அதைப் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

அவளை நாற்காலியோடு தூக்கித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது அவர் பக்கம் திரும்பி, "இடது பக்கம் சூடு அதிகம், பாதியில தட்டத் திருப்பி வைங்க, மறக்காதீங்க" என்றாள். இருபது வருஷமாக அந்த அடுப்போடு குடித்தனம் நடத்துகிறவருக்கு!

ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பெட்டி ஆபரேஷன் அறைக்குள் போனது. டாக்டர் ஒரு துணியைத் தூக்கி உதறினார். இன்னொன்று. மேஜையைக் குனிந்து பார்த்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எங்கள் மூன்று முகங்களும் இருந்தன. அவர் எங்களைப் பார்த்துத் தலையை ஒரே ஒரு தடவை ஆட்டினார். வண்டிக்காரர் என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டார். அந்த வலி ஒரு வாரம் இருந்தது, திட்டக்கூட எனக்கு மனசு வரவில்லை.

முதலில் கால்காரர். அடுத்து குடல் இறங்கினவர். மூன்றே முக்காலுக்கு அவளை உள்ளே கொண்டுபோனார்கள். வண்டிக்காரர் வண்டியைப் பூட்டி வாசலில் நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். நாலரை. நாலே முக்கால். ஸ்டேஷன் பக்கம் மணி அடித்துவிட்டது. நாலு ஐம்பதுக்குக் கதவு திறந்தது. டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார், ஒரு காலில் செருப்பின் வார் மாட்டவில்லை.

"எடுத்தாச்சு. முழுசா. கறுத்துப்போக ஆரம்பிச்சிருந்தது, இன்னும் ரெண்டு நாள் தாங்கியிருக்காது." வண்டியில் ஏறியபடியே சொன்னார். "முதல் ரெண்டு நாள் காய்ச்சல் வந்தாப் பயப்பட வேணாம். மூணாம் நாள் காய்ச்சல் இருந்தாத்தான் வம்பு. துணி சுத்தமா இல்லேன்னா மூணாம் நாள் தெரிஞ்சுடும். சிஸ்டர், எனக்குத் தந்தி குடுங்க!"

வண்டி பறந்தது. ரயில் கிளம்பின சத்தமும் வண்டிக்காரரின் வெற்றிக் கூச்சலும் ஒன்றாகக் கேட்டன. தெருவில் ஒரே கொண்டாட்டம். ரொட்டிக்காரர் மட்டும் கொண்டாடவில்லை. அவர் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்திருந்தது.

மறுநாள் அடுப்பு எரியவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. "மூணாம் நாள் தெரியட்டும்" என்பதுதான் அவர் பேச்சு. ஆஸ்பத்திரியில் இருபது பேர் கஞ்சி குடித்தார்கள், ஊர் முழுக்கக் கஞ்சி குடித்தது. பெரிய சிஸ்டர் வந்து ஒரு அதட்டு அதட்டிப் பார்த்தாள். நான் என் பங்குக்குக் கத்திப் பார்த்தேன். "ரெண்டு பொண்ணுங்களுக்காவது ஏதாவது சுட்டுக் குடுங்க, மனுஷா!" என்றேன். பெண்கள் இரண்டும் என் வீட்டில்தான் சாப்பிட்டன. அவர் படியில் உட்கார்ந்து எதிரே இருந்த ஆஸ்பத்திரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவளுக்கு நூற்றிரண்டு காய்ச்சல். மற்ற இரண்டு பேருக்கும் இல்லை, அவளுக்கு மட்டும். துணி மடித்தது நாங்கள்தானே? ஏதாவது ஒரு ஓரத்தை நான் வெளியே விட்டுவிட்டேனா? பன்னிரண்டு பேருக்கும் இதே நினைப்பு. ஒருத்தரிடம் ஒருத்தர் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலை ஊரில் பாதிப் பேர் எங்கள் தெருவில் நின்றார்கள். மரக்கடை அம்மாகூடக் கடையைச் சாத்திவிட்டு வந்துவிட்டாள். ஏழரைக்குப் பெரிய சிஸ்டர் தாழ்வாரத்துக்கு வந்தாள். கையில் தெர்மாமீட்டர். எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் முறைத்தாள். அப்புறம், எங்கள் ஆயுசில் கேட்டிராத சத்தத்தில், தெருவுக்குக் குறுக்கே கத்தினாள்.

"தொண்ணூத்தெட்டரை! மூணு பேருக்கும் தொண்ணூத்தெட்டரை!"

அப்புறம் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பால்காரியைக் கட்டிக்கொண்டேன், அவளோடு எனக்கு இரண்டு வருஷமாகப் பேச்சு சரியில்லை. ரொட்டிக்காரர் எழுந்து நின்றார். தெருவைக் கடக்கவில்லை.

"சரியாப் பாத்தீங்களா சிஸ்டர்?"

"மூணு தடவை பாத்தேன். மூணாவது தடவை அவ தெர்மாமீட்டரைப் பிடுங்கிட்டா."

"ஏதாவது சொன்னாளா?"

"சொன்னாளே. கஞ்சி மூஞ்சிலேயே முழிக்க மாட்டாளாம். 'மூணு நாளா ஜன்னல் வழியா அந்தப் புகைபோக்கியவே பாத்துக்கிட்டுப் படுத்திருக்கேன். ஒரு இழை புகையக் காணோம். நான் செத்துட்டேன்னு முடிவே பண்ணிட்டாரா அந்த மனுஷன்? அடுப்பப் பத்த வைக்கச் சொல்லுங்க. எனக்குப் பசிக்குது'ன்னு சொன்னா."

ரொட்டிக்காரர் திரும்பிக் கடைக்குள் போனார். விறகு போடுகிற சத்தம் கேட்டது. தீக்குச்சி உரசுகிற சத்தம் ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவையும். அப்புறம் அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு அவர் அழுத சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. பெரிய அழுகை. வாய்விட்டு.

ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. நானே எட்டிப் பார்க்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.